பழைய மரம், புது வேலை: சுவர்ப் பலகை வாங்கும் முன்

குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடுகளைப் பிரித்து கான்கிரீட் வீடு கட்டுவது நின்றபாடில்லை. பிரித்த வீட்டின் உத்தரம், கழுக்கோல், மச்சுப் பலகை எல்லாம் நல்ல தேக்கும் அயனியும் பலாவுமாக விலைக்கு வருகின்றன. சிலர் அந்த மரத்தை வாங்கி, கஜலட்சுமியோ யாளியோ செதுக்கி, சுவரில் மாட்டும் பலகையாக்கி, கறுப்பு ஏற்றி, ‘திருவிதாங்கூர் காலத்துச் சாமான்’ என்று விற்கிறார்கள். மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். இப்படி வாங்கியவர்கள் கொடுத்த விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது.

ஒரு பலகையைப் பற்றிச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒரு அடி அகலம், நடுவில் கஜலட்சுமி. “அண்ணாச்சி, 200 வருஷம் பழசுன்னு சொன்னாங்க. பாலிஷ் மட்டும் போட்டுத் தாங்க” என்று ஓர் ஆசிரியை கொண்டுவந்தார். முகப்பைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். உளு அரித்த ஓட்டைகள்கூட இருந்தன. அந்த ஓட்டைகள்தான் காட்டிக்கொடுத்தன.

உளு மரத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து குடையும். வண்டாகி வெளியேறும் இடத்தில்தான் சின்ன உருண்டை ஓட்டை விழும். மேற்பரப்பில் வாய்க்கால் வெட்டியதுபோலத் திறந்து ஓடாது. இந்தப் பலகையிலோ லட்சுமியின் முழங்கால் மேலேயே பாதி திறந்த தடம் ஓடியது. மேல்தோல் உதிர்ந்து திறந்திருந்தால் ஓரம் பொடிந்திருக்கும். இங்கே உளி வெட்டிய கூர்மை அப்படியே இருந்தது. ஆக, உளு அரித்து முடித்த மரத்தில்தான் உளி விழுந்திருக்கிறது. பின்பக்கம் ஒரு பழைய ஆப்பு ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே கறுப்பு பூசியிருந்தார்கள். ஏதோ வீட்டு உத்தரத்தில் இருந்த ஓட்டை அது. மரத்துக்கு 100 வயது இருக்கலாம், சிற்பத்துக்கு 10 வயதுகூட இருக்காது என்றேன். “மரமாவது நல்ல மரமா?” என்று கேட்டார். நல்ல அயனிதான்.

அதனால் பலகையைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். கையால் அறுத்த மரத்தில் வாள் தடங்கள் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். மில்லில் வட்ட ரம்பத்தில் அறுத்ததென்றால் தடம் வளைவாக விழும். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. இயந்திரம் செதுக்கியிருந்தால், பள்ளத்தின் அடியில் ஒரே அளவில் நெருக்கமான கோடுகள் தெரியும். உள்மூலைகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கும். இந்தக் கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். மூலைகளைத் தேய்ப்பது கஷ்டம். அப்புறம், இரண்டு பக்க யானைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைவேலையில் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில், 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய விலை கொடுக்கும் முன் ஒருமுறை தக்கலை வரை போய் அதை நின்று பாருங்கள். கண் பழகிவிடும்.

துருவை நம்பவே நம்பாதீர்கள். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் புது ஆணியும் சீக்கிரமே துருவேறிவிடும். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஸ்க்ரூவை மட்டும் பிற்பாடு மாற்றியிருக்கவும் கூடும். பக்கத்தில் பழைய ஆணி ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். பின்மூலையில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் அரக்குப் பாலிஷ் பிசுபிசுக்கும். பிசுபிசுக்காவிட்டால் மேலே இருப்பது இந்தக் காலத்துப் பூச்சாக இருக்கலாம். அரக்கை இன்றும் பூசுகிறார்கள் என்பதால், பிசுபிசுத்தாலே பழசு என்று முடிவுகட்ட முடியாது.

பித்தளைப் பலகை என்றால் மூக்கையும் முழங்காலையும் பாருங்கள். பல காலம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தால் மேடுகள் மழுங்கி, பள்ளத்தில் அழுக்கு இறுகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு என்றால் கடையில் ஏற்றியது.

சரி, உண்மையிலேயே பழசு என்று தெரிந்தால்? அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். 100 வயதான சிற்பம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பலகை கனமாக, மேலும் கீழும் அடுத்த மரத்தில் செருகும் பொருத்து நாக்கோடு, வெயிலும் மழையும் பட்ட வெடிப்போடு இருந்தால் கோயில் தேரிலிருந்து வந்ததாக இருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்ல முடியாதவரிடம் அதை வாங்கவே கூடாது. தந்தம் பதித்த பலகையையும் தொடாதீர்கள். தந்த வியாபாரத்துக்கே தடை இருக்கிறது.

வாங்கியதும் உப்புத்தாள் போடுவது, வார்னிஷ் அடிப்பது வேண்டாம். நான் மேலே சொன்ன தடயங்கள் எல்லாம் அதில் போய்விடும். காய்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். கடைக்காரர் பழைய வேலை என்று அடித்துச் சொன்னால், அதையே பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் புது வேலைக்கு உண்டான விலையை மட்டும் பேசுங்கள்.