முறை வைத்துத் திறந்துவிடப்படும் ஜாம்பிகள்

மன்னார்குடி தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, மணிக்கு 20 ரூபாய். ஆறில் நான்குதான் உருப்படியாக ஓடும். நாங்கள் நான்கு பேரானதற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வடுவூரான், கூத்தாநல்லூரான், நீடாமங்கலத்தான், அப்புறம் நான். 2011இல் அங்கே ஆடத் தொடங்கிய லெஃப்ட் 4 டெட் 2 என்ற கணினி ஆட்டத்தை இன்றுவரை விடவில்லை. இப்போது ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் திருப்பூரில், நான் தஞ்சாவூரில். வடுவூரான் மட்டும் ஊரிலேயே நிலத்தோடு இருக்கிறான். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு இணையத்தில் கூடி, அதே தெருக்கள் வழியாக, அதே ஜாம்பிகளைச் சுட்டுக்கொண்டு, அதே படகை நோக்கி ஓடுகிறோம்.

"செத்தவனையே எத்தனை தடவைதான் சுடுவீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கதை தெரியும், பாதை தெரியும், எந்தக் கதவுக்குப் பின்னால் படிக்கட்டு என்பது கண்ணை மூடினாலும் தெரியும். ஒரு தடவை முடித்தால் தூக்கிப் போட வேண்டிய ஆட்டம் எப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது?

இந்த ஆட்டத்தின் விதை ஒரு விளையாட்டுத்தனத்தில் விழுந்தது. டர்ட்டில் ராக் என்ற அமெரிக்க நிறுவனத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்துக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. அங்கிருந்தவர்கள் பொழுதுபோக்காக ஒன்றைச் செய்து பார்த்தார்கள். நான்கைந்து பேர் துப்பாக்கியோடு ஒரு பக்கம். கையில் கத்தி மட்டும் உள்ள கணினி எதிரிகள் கும்பலாக மறுபக்கம். கத்திக்காரன் ஒருவன் ஒன்றும் செய்ய முடியாது. முப்பது பேர் நாலா பக்கமும் ஓடிவந்தால் கதை வேறு. முதுகைப் பார்த்துக்கொள்ள இன்னொருவன் இருந்தே ஆக வேண்டும். இதைத்தான் வால்வ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்பி ஆட்டமாக வளர்த்து 2008 நவம்பரில் வெளியிட்டார்கள். அடுத்த நவம்பரிலேயே இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

ஆனால் கும்பல் மட்டும் போதாது. எந்த இடத்தில் எத்தனை ஜாம்பி என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் மூன்றாவது ஆட்டத்தில் மனப்பாடம் ஆகிவிடும். சரி, எல்லாவற்றையும் குலுக்கல் முறையில் விட்டுவிடலாமே என்றால், அதுவும் சில நாளில் சலித்துவிடும். கன்னாபின்னாவென்று தொடர்ந்து அடிக்கிற தவிலை எவ்வளவு நேரம் கேட்பீர்கள்? இந்த ஆட்டத்தின் செயற்கை நுண்ணறிவை வடிவமைத்த மைக்கேல் பூத், 2009இல் அதைப் பற்றி விளக்கியபோது பயன்படுத்திய தொடரைத் தமிழில் 'கட்டுக்குள் நிற்கும் கணிக்க முடியாமை' எனலாம். அந்தக் கட்டைப் பிடித்திருக்கிற நிரலுக்கு 'டைரக்டர்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கென்னவோ அதற்கு 'லஸ்கர்' என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று படுகிறது.

டெல்டாக்காரர்களுக்கு லஸ்கரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஆற்றிலும் வாய்க்காலிலும் மதகு ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஊழியர். என் சித்தப்பா வெண்ணாற்றுப் பக்கம் அந்த வேலையில் இருந்தவர். மேட்டூரில் திறந்தார்கள், கல்லணைக்கு வந்தது, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்தது என்பதோடு வேலை முடிவதில்லை. எந்த வாய்க்காலில் எவ்வளவு நிற்கிறது, கரை தாங்குமா, கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்துத் திறக்க வேண்டும். தண்ணீர் குறைவான வருஷத்தில் முறை வைத்து விட வேண்டும். டைரக்டர் செய்வதும் இதையேதான். தண்ணீருக்குப் பதில் ஜாம்பி.

முதலில் நிலம். ஆட்டத்தின் வரைபடம் முழுவதையும் நிரல் பாத்தி பாத்தியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஓர் எண்: தொடங்கும் அறையிலிருந்து நடந்துபோனால் அது எவ்வளவு தூரம் என்று. காக்கை பறக்கிற தூரம் இல்லை, வாய்க்கால் ஓடுகிற தூரம். இந்த எண்ணை வைத்துத்தான் நாங்கள் நால்வரும் தலைமதகிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம், எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று டைரக்டருக்குத் தெரிகிறது. எங்களைச் சுற்றியுள்ள பாத்திகளில் மட்டும், எங்கள் கண்ணுக்குப் படாத மூலைகளில் ஜாம்பிகளை நட்டுவைக்கும். நாங்கள் தாண்டிப் போய்விட்டால் பின்னால் விடுபட்டவற்றைப் பிடுங்கிவிடும். பெரிய ஊரே ஜாம்பிமயமாகத் தெரிகிறதே தவிர, சாதாரண ஜாம்பிகள் ஒரே நேரத்தில் முப்பதுக்குப் பக்கம்தான் உயிரோடு, மன்னிக்கவும், நடமாட்டத்தோடு இருக்கும். அந்த சென்டரின் பழைய கம்ப்யூட்டரிலும் ஆட்டம் ஓடியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

அடுத்தது அளவுகோல். மதகில் நீர்மட்டம் பார்க்கக் கோடு போட்ட கல் இருக்கிறது அல்லவா, அதுபோல ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அளவு ஓடிக்கொண்டிருக்கும்: இவன் இப்போது எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறான்? அடிபட்டால் அடிக்குத் தக்கபடி ஏறும். தரையில் சாய்ந்துவிட்டால் எகிறும். ஒரு ஜாம்பியைச் சுட்டு வீழ்த்தினால், அது எவ்வளவு கிட்டத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஏறும். தூரத்தில் விழுந்தால் கொஞ்சம், மூக்குக்கு நேரே விழுந்தால் நிறைய. சண்டை ஓய்ந்தபிறகுதான் மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கும். இதயத்துடிப்பை யாரும் அளக்கவில்லை. கையில் மாட்டுகிற கருவி எதுவும் இல்லை. இந்த நான்கைந்து கணக்குகளிலேயே மனித மனசை ஓரளவு ஊகித்துவிடலாம் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம்.

இனி ஷட்டர். நால்வரில் யாருடைய மட்டம் அதிகமோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது உச்சக்கோட்டைத் தொடும்வரை கூட்டத்தைத் திறந்துவிடும். தொட்டதும் மூன்று முதல் ஐந்து விநாடி அந்த உச்சத்தில் நிறுத்தும். பிறகு புது வரவை வெட்டிவிடும். ஏற்கெனவே வந்தவற்றை முடிக்கவிட்டு, மட்டம் இறங்கக் காத்திருந்து, அதன்பின் முப்பது, நாற்பத்தைந்து விநாடி கிட்டத்தட்ட ஓய்வு. அந்த ஓய்வில்தான் மாத்திரையைப் பங்கு போடுவோம், சண்டை பிடிப்போம், வடுவூரான் நெல் விலை சொல்வான். மறுபடியும் திறப்பு.

இதை 'ஆட்டக்காரன் திணறினால் ஆட்டத்தை எளிதாக்கிவிடுகிறது' என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. அலையின் உயரத்தை அது குறைப்பதில்லை, அலைகளுக்கு இடையிலான நேரத்தைத்தான் மாற்றுகிறது. தட்டுத்தடுமாறுகிற அணிக்கு உச்சம் சீக்கிரமே வந்துவிடும், ஓய்வும் அடிக்கடி கிடைக்கும். தேர்ந்த அணியின் மட்டம் லேசில் ஏறாது. ஏறாததால் ஷட்டரும் லேசில் இறங்காது. ஒரே வரைபடத்தில் ஒரே நாளில் இரண்டு அணிகள் இரண்டு விதமான ஆட்டத்தை ஆடிவிட்டுப் போவது இப்படித்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறொன்று. டேங்க் என்று ஒரு மலைமாடு உண்டு. நால்வரும் சேர்ந்து சுட்டாலும் லேசில் விழாது. விட்ச் என்று ஒருத்தி உண்டு. உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள், டார்ச்சை அணைத்துவிட்டு ஓரமாகப் போய்விட வேண்டும், சீண்டினால் ஒரே அடியில் ஆள் காலி. இந்தப் பெரிய ஆபத்துகள் பதற்ற மட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டவை அல்ல. பாதையில் இன்ன இன்ன தூரத்தில் ஒரு சீட்டு என்று டைரக்டர் போட்டுவைக்கும். சீட்டில் மூன்று வகை: டேங்க், விட்ச், மூன்றாவதாக 'ஒன்றுமில்லை'. ஒரே வகை அடுத்தடுத்து வராது. அந்த மூன்றாவது சீட்டைக் கண்டுபிடித்தவருக்கு மாலை போட வேண்டும். ஏதோ வரும் என்று துப்பாக்கியை ஏந்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி ஐந்து நிமிடம் நடப்போம். எதுவும் வராது. ஒரு ஜாம்பியைக்கூடச் செலவழிக்காமல் எங்களை வியர்க்க வைத்துவிட்டது அந்த நிரல்.

இதெல்லாம் ஒருபக்கம். நாலு பேர் என்பது இன்னொரு பக்கம். ஆயுள் விஷயத்தில் இதுவே பெரிய பக்கம் என்பேன். சிறப்பு ஜாம்பிகளைக் கவனித்துப் பாருங்கள். ஹன்டர் மேலே பாய்ந்து அமுக்கிவிடும். ஸ்மோக்கர் நாக்கை நீட்டித் தூரத்திலிருந்தே இழுத்துக் கட்டிவிடும். இரண்டாம் பாகத்தில் வந்த ஜாக்கி தோளில் ஏறி உட்கார்ந்து மாட்டை ஓட்டுவதுபோல் ஓட்டும். சார்ஜர் தூக்கிக்கொண்டே ஓடும். எல்லாவற்றுக்கும் பொது: சரியாகப் பிடிபட்டுவிட்டால் உங்களால் நீங்களே விடுவித்துக்கொள்ள முடியாது. எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் கூட்டாளி வந்து தட்டிவிட வேண்டும். தரையில் விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கச் சில விநாடி ஆகும். அத்தனை விநாடியும் தூக்குகிறவனால் சுட முடியாது. ஆக, ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வருகிறது. இவனைத் தூக்கலாமா, கதவை அடைக்கலாமா? இந்தக் கணக்குக்கு விடை வரைபடத்தில் இல்லை. விழுந்து கிடக்கிறவன் யார், போன வாரம் அவன் என்ன செய்தான் என்பதில் இருக்கிறது. நீடாமங்கலத்தான் 2013இல் ஒரு முதலுதவிப் பெட்டிக்காக என்னை மொட்டைமாடி விளிம்பில் தொங்கவிட்டுப் போனான். இன்னும் அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

நுணுக்கமான உதவிகளும் உண்டு. சுவருக்குப் பின்னால் கூட்டாளி இருந்தாலும் அவன் உருவத்தின் கோடு ஒளிர்ந்து தெரியும். எங்கே போனான் என்று தேட வேண்டியதில்லை, ஏன் போனான் என்று திட்டினால் போதும். இசைகூட ஆளுக்கு ஆள் தனி. என் நிலைமைக்கு ஏற்ற இசை என் காதில், அவன் நிலைமைக்கு ஏற்றது அவன் காதில். சென்டரில் பக்கத்து இருக்கையில் இருந்தவனுடைய ஹெட்போனிலிருந்து கசிந்த பாட்டு எனக்குக் கேட்டதோடு ஒத்துப்போகாதபோதுதான் இதையே கண்டுபிடித்தோம்.

ஆட்டத்தில் எங்களுடைய நிரந்தரக் கதைத் தொகுதி 'ஹார்ட் ரெயின்'. அமெரிக்காவின் தெற்கே நடக்கிற கதைதான், ஆனாலும் முதல் தடவை அதில் கரும்புக் கொல்லை வந்தபோது வடுவூரான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். படகுக்கு எரிபொருள் வேண்டும். ஒரு சர்க்கரை ஆலை வழியாகப் போய், கரும்புக்குள் புகுந்து, பெட்ரோல் பங்கிலிருந்து டீசல் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். இவ்வளவுதான். ஆனால் திரும்பும்போது புயல் வந்துவிடுகிறது. போகும்போது காய்ந்து கிடந்த கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரில் நடை தளர்கிறது. மழை வலுக்கும்போது கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் தெரிவதில்லை. கரும்புச் சோகைக்கு நடுவே எதிரில் அசைவது வடுவூரானா வேறெதுவுமா என்று தெரியாமல் சுட்டு, அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எத்தனையோ தடவை. நம் தோட்டா நம் ஆளையும் காயப்படுத்தும்.

பாதையை நீட்டவில்லை, புதுக் கட்டடம் பெரிதாகக் கட்டவில்லை. ஒரே நிலத்தை இருதடவை நடக்கவிட்டு, இரண்டாம் தடவை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபின், தினம் போகிற சாலையே வழி தெரியாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தை புரியும். கரண்ட் வந்து ஆட்டத்துக்குத் திரும்பியபோது கொஞ்ச காலம் ஹார்ட் ரெயினை மட்டும் தொடவில்லை.

சலிப்பு ஒருபக்கம் இருக்க, ஆட்டங்கள் சாவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: நிறுவனம் தன் சர்வரை நிறுத்திவிட்டால் முடிந்தது கதை. லெஃப்ட் 4 டெட்டை ஒரே அறைக்குள் கம்பி இழுத்தும் ஆடலாம், ஆட்டக்காரர்களே சர்வர் வைத்தும் நடத்தலாம். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் இணையம் போனாலும் சென்டர் ஜெனரேட்டரில் நாங்கள் ஆடியது அப்படித்தான். வரைபடம் செய்யும் கருவிகளையும் ரசிகர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் புதுப்புது ஊர்களைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். புது நிலத்தையும் பாத்தி பிரித்துக் கொடுத்துவிட்டால், அந்த ஊரிலும் முறைப்பாசனத்தை டைரக்டரே பார்த்துக்கொள்ளும். 2020 செப்டம்பரில், வால்வின் அனுமதியோடு ரசிகர்களே செய்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ற சேர்க்கை அதிகாரபூர்வமாகவே இரண்டாம் பாகத்தில் சேர்ந்தது. ஆட்டத்துக்கு அப்போது வயது கிட்டத்தட்டப் பதினொன்று.

அதே டர்ட்டில் ராக் 2021இல் பேக் 4 பிளட் என்று ஒன்று கொண்டுவந்தது. சீட்டுக்கட்டுபோல் திறமைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், துப்பாக்கிக்குப் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ளலாம். மோசமில்லை, ஆறு மாதம் ஆடினோம். ஆனால் ஓய்வு கிடைக்கிற அந்த அரை நிமிடத்தில் நெல் விலை பேசுவதற்குப் பதிலாக ஆளாளுக்குத் தன் சீட்டையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். 2023 தொடக்கத்தில், இனிப் புதிய சேர்க்கைகள் வராது என்று அதன் தயாரிப்பாளர்களே அறிவித்துவிட்டார்கள். நாங்கள் அதற்குள் பழைய கொல்லைக்கே திரும்பியிருந்தோம்.

போன ஞாயிறும் அங்கேதான். டீசல் கேன்களோடு திரும்பி வருகிறோம், முழங்கால் தண்ணீர், மழை. சிங்கப்பூரான் ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்தவன், மூன்றாவது விழுந்தால் எழ முடியாது. அவனை நடுவில் விட்டு மூவரும் சுற்றி நின்று நடக்கிறோம்.

"மாப்ள, டேங்க் வரும். சத்தம் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ முன்னால போ."

"நீ போடா."

ஆலையின் விளக்கு தெரிகிற வரை கரும்பை ஒவ்வொரு அடியாக விலக்கிக்கொண்டு போனோம். வழக்கமாக நான்கு நிமிடத்தில் கடக்கிற இடம், அன்று பதினொரு நிமிடம். டேங்க் வரவில்லை. விட்ச்சும் இல்லை.