இரவில் குசினிக்குள் நடப்பது

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, குசினி லைட்டைப் போடாமல், சட்டியில் மிஞ்சிய புட்டை வெறுமனே அள்ளி அள்ளிச் சாப்பிடுவார். அப்புறம் விசுக்கோத்துப் பெட்டி. “பசிக்கேல்லைத் தம்பி. வயிறு நிறைஞ்சதும் தெரியுது. கை மட்டும் நிக்குதில்லை” என்றார்.

ஊரில் இதற்குப் ‘பெருந்தீனி’ என்று பெயர். அந்தப் பெயர் தப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 2013இல் இது ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸோர்டர்’ (அடக்கமுடியாமல் அளவுமீறிச் சாப்பிடும் நோய்) என்ற பெயரில் தனி நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. கலியாண வீட்டில் ஒரு பிடி பிடிப்பது இந்த நோயில் சேராது. கட்டுப்பாடு கைவிட்டுப் போக, அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது வாரம் ஒரு தடவையாவது, 3 மாதம் தொடர்ந்தால்தான் கணக்கு.

வயிறு விரிவதை நரம்பு மூளைக்குச் சொல்லும். குடலின் ஹார்மோன்களும் சொல்லும். ‘போதும்’ என்ற உணர்வு சரியாக வந்துசேர ஏறக்குறைய 20 நிமிடமாகும். அக்காவின் சட்டி அதற்குள் காலி. இனிப்பும் கொழுப்பும் மூளையில் டோபமைன் என்ற, ‘இன்னும் வேணும்’ என்று ஆசைப்படவைக்கும் இரசாயனத்தைத் தூண்டும். மனப்பாரத்தை ஒரு தடவை சாப்பாடு இறக்கிவைத்தால், மூளை அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இருட்டும் அந்தப் பெட்டியுமே ஆசையைக் கிளப்பப் போதும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது மறுநாள் காலை. இரவு தின்றதற்குத் தண்டனையாக அக்கா வெறும் தேத்தண்ணியோடு நிற்பார், மத்தியானமும் சாப்பிடமாட்டார். பட்டினி கிடந்தால் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறும். பொழுதுபட்டதும் உடம்பு பறிகொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். திரும்பவும் குசினி, திரும்பவும் வெட்கம். மனவுறுதி இல்லாதவர் என்று அவரைச் சொல்லவே கூடாது. பகல் முழுக்கப் பசியோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்.

நாள்பட்டால் சலரோகம், பிரஷர், ஈரலில் கொழுப்பு, நெஞ்செரிவு, மனச்சோர்வு எல்லாம் வரலாம். நம்மவர்களுக்கு அவ்வளவு பருமன் இல்லாமலே சலரோகம் வந்துவிடுகிறது. அக்காவுக்கும் வந்தது. கிளினிக்கில் “சாப்பாட்டைக் குறையுங்கோ” என்றார்கள். இரவுக் கதையை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இன்னும் பட்டினி கிடந்தார்.

இதற்கு நன்றாகப் பலன் தருவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் உளச்சிகிச்சை. அக்கா ஒருவழியாக மனநல மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். உணவைக் குறைக்கும்படி அங்கே சொல்லவில்லை. முதல் வாரம் அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: காலையில் இடியப்பமும் சொதியும், எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும்.