கல்லூரி வயதில் ஹார்மோன் சிகிச்சை: யாரிடம் போவது, என்ன கேட்பது?

ஹார்மோன் சிகிச்சை தேடி வரும் திருநர் மாணவர்களில் பலர், என்னைப் பார்க்க வரும் முன்பே மருந்தைத் தொடங்கிவிட்டிருக்கிறார்கள். திருநங்கைகள் என்றால் பெரும்பாலும் கருத்தடை மாத்திரை. சீக்கிரம் மாற்றம் தெரிய வேண்டும் என்று நாளுக்கு மூன்று, நான்கு விழுங்குபவர்களும் உண்டு. அதைச் சொல்லும்போது திட்டு விழுமோ என்று என் முகத்தையே பார்ப்பார்கள். நான் திட்டுவதில்லை. கேட்க ஆளில்லாதபோது கைக்குக் கிடைத்ததைத்தானே எடுப்பார்கள்? ஆனால் அந்த மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்வேன்.

அவற்றில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இதில் அதிகம். புகைப்பழக்கம் சேர்ந்தால் இன்னும் கூடும். கால் ரத்தக் குழாயில் உண்டாகும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். நாங்கள் எழுதித் தருவது உடலில் இயற்கையாகச் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலையே. தேவைப்பட்டால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்தும் சேரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்பதை அங்கே மறைக்காதீர்கள்.

கல்லூரியில் மருத்துவ மையம் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். ஹார்மோன் மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற பொது மருத்துவரும் இதைச் செய்யலாம். போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: திருநர் ஹார்மோன் சிகிச்சை தருகிறீர்களா, மனநல மருத்துவரின் கடிதம் வேண்டுமா, பில்லும் பரிசோதனை முடிவும் யாருக்குப் போகும்? காப்பீடு பெற்றோர் பெயரில் இருந்தால் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வீட்டில் எப்போது சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரு பில் அல்ல.

திருநராக இருப்பதை மனநோய் என்று சொல்லி 'சரிசெய்ய' முயலும் மருத்துவரிடம் மறுபடி போகாதீர்கள். 2019இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இதை மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

சிகிச்சைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்வோம். ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியம் ஏறலாம். திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோனால் சிவப்பணுக்கள் பெருகி ரத்தம் கெட்டிப்படலாம். அதனால்தான் முதல் ஆண்டில் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம். டெஸ்டோஸ்டிரோனால் குரல் உடைந்தால் பழையபடி ஆகாது. ஈஸ்ட்ரடையாலால் வளர்ந்த மார்பகம் மருந்தை நிறுத்தினாலும் முழுதாக மறையாது. டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் நின்ற பிறகும் கர்ப்பம் உண்டாகிவிடலாம், அது கருத்தடை ஆகாது. பிற்காலத்தில் குழந்தை வேண்டுமா என்றும் கேட்போம். பத்தொன்பது வயதில் அது சங்கடமான கேள்விதான். ஆனாலும் விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்க, மருந்து தொடங்கும் முன்புதான் வசதி.

நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் பலருக்கு மருந்து விட்டுப்போகிறது. தேர்வு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, போதுமான மருந்தும் மருந்துச்சீட்டின் நகலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சில நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்ட இரட்டை அளவு எடுக்க வேண்டாம். எங்களை அழைத்துக் கேளுங்கள்.