டிஃப்யூஸ்டு ஏரேஷன்: காற்றோட்டமா, காற்றூட்டலா?

கழிவுநீர்த் தொட்டியின் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாகச் செலுத்துவதே டிஃப்யூஸ்டு ஏரேஷன். சென்னை அடுக்ககங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கவனிக்கும் ஆபரேட்டருக்கு அந்தத் தொட்டி ‘ஏரேஷன் டேங்க்’. தமிழில் எழுதும்போது சிலர் ‘காற்றோட்டத் தொட்டி’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. காற்றோட்டம் சன்னலுக்கு உரியது. இங்கே நீரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. ஆகவே காற்றூட்டல்.

‘டிஃப்யூஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. சிதறும்படி ஊற்றுதல் என்று பொருள். பாடநூல்களில் வரும் ‘விரவல்’ மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதைக் குறிக்கும். அதை இங்கே ஒட்டவைத்தால் குழப்பம்தான். இங்கே காற்று தானாகப் பரவுவதில்லை, ப்ளோயர் என்னும் காற்றூதும் இயந்திரம் தள்ளுகிறது. நான்கு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் நீரின் எடையை எதிர்க்க மட்டுமே ஏறக்குறைய 0.4 பார் அழுத்தம் வேண்டும். குழாயிலும், காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் டிஃப்யூசரிலும் ஏற்படும் அழுத்த இழப்பு தனி.

அடியில் பதித்த டிஃப்யூசரின் ரப்பர் சவ்வில் நுண்ணிய கீறல்கள் உண்டு. காற்று வரும்போது திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். 20 மில்லிமீட்டர் குமிழி ஒன்றை 2 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் ஆயிரம் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்கு. சிறு குமிழி மெதுவாகவும் மேலேறும். ஆக்சிஜன் கரைய இடமும் நேரமும் கிடைக்கின்றன. எனவே என் ஓட்டு ‘நுண்குமிழிக் காற்றூட்டல்’ என்பதற்கே. பெரிய குமிழிகளை விடும் வகையும் உண்டு. அதையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் ‘பரவு காற்றூட்டல்’ என்று சொல்லிவிடலாம்.

தொட்டியின் மேற்பரப்பைப் பார்த்தாலே பாதி நோய் தெரியும். எங்கும் சீராகப் பொங்கினால் நலம். ஓரிடத்தில் மட்டும் உலை கொதிப்பதுபோல் எழும்பினால் அங்கே சவ்வு கிழிந்திருக்கிறது, அல்லது குழாய் விட்டிருக்கிறது. காற்றெல்லாம் அந்த வழியே ஓடிவிடும், மற்ற மூலைகளில் கசடு படியும். குமிழிகள் குறைந்து, பிரஷர் கேஜ் முள்ளும் மோட்டாரின் ஆம்பியரும் ஏறினால் கீறல்கள் அடைத்துவிட்டன. போர் தண்ணீர் கடினமாக உள்ள பகுதிகளில் சுண்ணாம்பு படிவதும் ஒரு காரணம்.

கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் போதும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவு முழுக்க ப்ளோயரை நிறுத்தினால் காபி நிறத் தொட்டி கருத்து, விடியற்காலையில் அழுகிய முட்டை வாடை லிஃப்ட் வரை வரும்.

டிஃப்யூசரைத் தமிழில் ‘குமிழ்த்தட்டு’ எனலாம். கடையில் மட்டும் டிஃப்யூசர் என்றே கேளுங்கள்.