ஆலோசனைக் குழு அட்டைக்கு மட்டும்தானா?

பொதுக் கொள்கை பற்றி ஒரு சஞ்சிகை தொடங்கப் போகிறோம் என்று என்னைப் பார்க்க வரும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். முதல் இதழில் என்னென்ன கட்டுரைகள் என்று நினைத்து வாங்கிப் பார்த்தால் ஆலோசகர் பட்டியல். ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற அமைச்சுச் செயலாளர் ஒருவர், ஒரு சட்டத்தரணி, முடிந்தால் மத்திய வங்கியில் இருந்த ஒருவர். இவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால் "வழிகாட்டுவார்கள்" என்பார்கள். எதை, எப்போது, எப்படி என்று கேட்டால் பதில் வராது.

நான் தொழிலால் பொருளாதார ஆய்வாளர். கொழும்பில் ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகளுக்கும், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் சஞ்சிகைகளுக்கும் வரைவு பார்த்துக் கொடுப்பது நீண்ட காலமாக என் வேலையின் ஒரு பகுதி. மாணவர் சஞ்சிகை என்றால் இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஹார்வர்ட் சட்டச் சஞ்சிகையை 1887 முதல் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள், அது உலகமே எடுத்தாளும் சஞ்சிகை. ஆகவே நடத்துகிறவரின் வயது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆலோசகர் என்று ஒருவரின் பெயரை அச்சிட்டால், "இந்த விஷயம் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்திருக்கிறார்" என்று வாசகர் நம்புகிறார். அவர் பார்க்கவே இல்லை என்றால் அது வாசகரை ஏமாற்றுவது. என் கவலை அதுதான்.

பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 இல் இலங்கையில் வறுமை 4.1 சதவீதம். 2019 இல் 14.3 சதவீதம். இரண்டுமே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட எண்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து "மூன்றே வருடத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் கூடியது" என்று எழுதிய வரைவுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எண் சரி, மூலம் சரி, கணக்கும் சரி. வாக்கியம் மட்டும் பிழை. ஏனென்றால் இடையில் திணைக்களம் வறுமைக் கோட்டையே, அதாவது எவ்வளவுக்குக் கீழே செலவழிப்பவர் ஏழை என்ற எல்லையையே, மாற்றியது. பழைய கோடு 2002 ஆம் ஆண்டு குடும்பச் செலவு அளவீட்டின் அடிப்படையில் போடப்பட்டது, புதியது 2012/13 அளவீட்டின் அடிப்படையில். புதிய கோட்டை வைத்து 2016 ஐயும் திரும்ப அளந்தால், 2019 இல் வறுமை சற்றுக் குறைந்துதான் இருக்கிறது. நெருக்கடி அதற்குப் பிறகு வந்தது, அது தனிக் கதை.

இன்னொன்றும் இதற்குள் இருக்கிறது. 2002 அளவீட்டில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேர்க்கப்படவில்லை. போருக்குப் பின் 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது 2012/13 அளவீடுதான். அதாவது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு குடும்பம் எதற்குச் செலவழிக்கிறது என்று கேட்காமலே போட்ட கோட்டை வைத்துத்தான் நாட்டின் ஏழைகளைப் பல வருடங்கள் எண்ணினோம். இந்த அளவீடுகளோடு பழகிய ஒரு விரிவுரையாளர் அந்த வரைவைப் பார்த்திருந்தால் பிழையைப் பிடித்ததோடு, இதைவிட நல்ல ஒரு கட்டுரைக்கு வழியும் காட்டியிருப்பார். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினால் அவரால் எழுத்துப்பிழைதான் திருத்த முடியும். ஆலோசகரைக் கூப்பிட வேண்டிய நேரம் கேள்வியை வகுக்கும்போதுதான்.

பேராசிரியரால் சொல்ல முடியாத விஷயங்களும் உண்டு. 2023 இல் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவிக்குப் பதிலாக அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவுத் திட்டம் வந்தது. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். இதைப் பற்றி எழுதிய மாணவர்களில் சிலர் கடைசிப் பக்கத்தில் "மேன்முறையீட்டுப் பொறிமுறை ஒன்றை உருவாக்க வேண்டும்" என்று பரிந்துரைத்திருந்தார்கள். மேன்முறையீடும் ஆட்சேபனையும் அந்த வருடமே ஏற்றுக்கொள்ளப்பட்டன! பிரதேச செயலகத்தில் வேலை செய்த ஒருவரிடம் இந்த வரைவைக் கொடுத்துப் பாருங்கள். சிரித்துவிட்டு வேறு கேள்விகள் கேட்பார். பெயர்ப்பட்டியலை எங்கே ஒட்டினார்கள்? இணையத்தில் விண்ணப்பிக்க யார் உதவினார்கள்? தோட்டத்து லயன் அறை ஒன்றில் இரண்டு குடும்பம் இருந்தால் படிவத்தில் அதை எப்படிப் பதிந்தார்கள்? கொள்கை தடுக்கி விழுவது இப்படியான இடங்களில்தான். முறையியலுக்கு ஒரு கல்விமான், நடைமுறைக்கு ஒரு துறைசார்ந்தவர் என்று இரண்டு பேரும் ஒரே வரைவைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் தொட்ட கட்டுரை என்றால் சிங்களமும் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் கட்டாயம் வேண்டும். நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று வழமையாகவே இருக்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்து "சட்டம் இப்படிச் சொல்கிறது" என்று எழுதுவது அந்தரத்தில் நிற்பது மாதிரி.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரசாயன உர இறக்குமதித் தடை 2021 மே மாதம் வந்தது, அதே வருடம் நவம்பரில் விலக்கப்பட்டது. பல்கலைக்கழகச் சஞ்சிகைகளின் பாணியில் ஆறு மாதம் மதிப்பாய்வில் வைத்திருந்தால், கட்டுரை வெளிவரும்போது தடையே இல்லை, வயல் மட்டும் காய்ந்திருக்கும். சட்டமூலங்கள் இன்னும் மோசம். அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரையின்படி, சபாநாயகர் சான்றுரைப்படுத்திச் சட்டமான பிறகு அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பேச வேண்டியதெல்லாம் வர்த்தமானியில் சட்டமூலம் வந்தவுடனேயே பேசப்பட வேண்டும். ஆகவே ஒரு வாரத்துக்குள் வாசித்துப் பதில் தரக்கூடிய இளம் விரிவுரையாளர், மூன்று மாதம் கழித்து "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி அனுப்பும் பெரிய பெயரைவிடப் பயனுள்ளவர். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

நலன் முரண்பாடு பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதைப் பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் ஆலோசகர் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பணிப்பாளர் சபையில் இருக்கிறார். அவரை விலக்க வேண்டியதில்லை. உற்பத்திச் செலவுக் கணக்கு அவரைப்போல வேறு யாருக்கும் தெரியாது. கட்டுரையின் அடியில் ஒரு வரி போடுங்கள், தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவரிடமும் அதே வரைவைக் காட்டுங்கள். கட்சி, கம்பனி, நன்கொடை நிறுவனம், சொந்தக்காரர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கொழும்பு சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

பதவியில் இருக்கும் அரச உத்தியோகத்தரை அழைப்பதென்றால் அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபன விதிக்கோவை அவரைக் கட்டுப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். அனுமதி கிடைத்ததா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது "சேர் சொன்னார்" என்ற பதில். ஏன் இந்தப் பந்தியை எடுத்தீர்கள்? சேர் சொன்னார். ஏன் இந்த முடிவு மென்மையானது? மெடம் சொன்னார். ஆலோசனை சொல்வது அவர்கள் உரிமை, ஏற்பதும் விடுவதும் ஆசிரியர் குழுவின் பொறுப்பு. வழக்கு வந்தாலும் வசை வந்தாலும் உங்கள் பெயரைத்தான் தேடி வரும். நான் கருத்துச் சொன்ன வரைவுகளில் சிலதில் என் யோசனையை ஏற்கவில்லை என்று காரணத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழுக்களுக்குத்தான் அடுத்த முறையும் நேரம் ஒதுக்குகிறேன். ஒவ்வொரு கருத்தையும் அதற்கு நீங்கள் கொடுத்த பதிலையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் விட்டால் மூன்று மாதத்தில் காணாமல் போகும்.

அப்புறம், பட்டியலில் உள்ள எல்லோரும் கொழும்பு 7 இல் ஒரே மண்டபக் கூட்டங்களில் சந்திக்கிறவர்களாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஹட்டனில் ஒரு பாடசாலை அதிபர், கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளர், கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். இவர்களுக்கு ஆங்கிலத்தில் இருபது பக்கம் அனுப்பி அபிப்பிராயம் கேட்பது நடக்காத காரியம். தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமும் நான்கு நேரடிக் கேள்வியும் அனுப்பினால், தொலைபேசியிலேயே அரை மணித்தியாலம் பேசுவார்கள்.

அழைப்புக் கடிதத்தில் வருடத்துக்கு எத்தனை வரைவு, எத்தனை நாளில் பதில், எந்தத் துறை, பதவிக்காலம் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை, அதனால் குறைவாகவே கேளுங்கள், கேட்டதை வாங்குங்கள். வருடம் முடியும்போது ஒரு வரைவுகூடப் பார்க்காதவரின் பெயரை அடுத்த இதழில் எடுத்துவிட்டு, மரியாதையாக ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். பலர் கோபிக்க மாட்டார்கள். "அப்பாடா" என்றுதான் இருக்கும்.