ஒரே இரவில் இரண்டு சதவீதம் கொழுப்பா?

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினார். வீட்டு எடைக் கருவி அனுப்பிய எண்கள்: திங்கட்கிழமை உடற்கொழுப்பு 24 சதவீதம், செவ்வாய்க்கிழமை 26. அன்றிலிருந்து இரவு உணவு கிடையாது, தண்ணீரும் அளந்துதான். இப்போது கருவி 27 காட்டுகிறதாம்.

அவர் எடை 70 கிலோ. அதில் இரண்டு சதவீதம் 1.4 கிலோ. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. அப்படியானால், செலவானது போக 10,000 கலோரிக்கு மேல் ஒரே நாளில் மிஞ்சியிருக்க வேண்டும். அவ்வளவு சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்தார். இந்தச் சிரிப்பு செவ்வாய்க்கிழமையே வந்திருக்கக் கூடாதா?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்தக் கருவி உங்கள் கொழுப்பைப் பார்ப்பதே இல்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பி, அதற்கு எவ்வளவு தடை என்று மட்டும் அளக்கிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு விடாது. மற்றதெல்லாம் நீங்கள் பதிந்த வயது, பால், உயரத்தோடு உங்கள் எடையையும் சேர்த்துப் போடும் கணக்கு. தண்ணீரைக் குறைத்தால் தடை கூடும். கருவி அதைக் கொழுப்பு என்று சொல்லும். இவர் பட்டினி கிடந்து ஏற்றிக்கொண்டது அந்த ஒரு சதவீதத்தைத்தான். மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுவதால், அவர் கவலைப்படும் வயிற்றைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. அது காட்டும் ‘எலும்பு எடை’யும் கணக்குதான்.

எங்கள் கருவியில் அவரை நிறுத்தி, வயதை மட்டும் 15 ஆண்டு கூட்டிப் பதிந்தேன். கொழுப்பு ஏறியது. ‘விளையாட்டு வீரர்’ என்று மாற்றினேன். சட்டென்று இறங்கியது. இரண்டே நிமிடம், அதே மனிதர்.

எக்ஸ்-கதிர் கொண்டு கொழுப்பையும் தசையையும் எலும்பையும் பிரித்துக் கணக்கிடும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட நம்பகமானது, ஆனால் எல்லோருக்கும் தேவையில்லை. நீருக்குள் அமிழ்த்தி எடை பார்க்கும் பழைய முறைகூட, கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்ற திசுக்களின் அடர்த்தி 1.1 என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. உயிரோடிருக்கும் மனிதரின் கொழுப்பைத் தனியே பிரித்து எடை போட வழியில்லை என்பதை எங்கள் துறையிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள்.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, காலையில் கழிவறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடாமல், வெறுங்காலோடு ஏறுங்கள். உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறாதீர்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் தேங்கும், அப்போதைய எண்ணை விட்டுவிடுங்கள். இரண்டு மாதப் போக்கு எதைக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தக் கருவியில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். வயிற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அளவு நாடா போதும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பின் அளக்க வேண்டும். எக்கிக்கொண்டு அளப்பவர்களை எனக்குத் தெரியும்.

தயவுசெய்து, வளரும் பிள்ளைகளை அதில் ஏற்றி எல்லோர் முன்னாலும் எண்ணைப் படிக்காதீர்கள்.

அவர் மறுவாரம் வந்தார். இரவு உணவைத் தொடங்கிவிட்டாராம், தண்ணீரும் குடிக்கிறாராம். கருவியில் ஏறுவது மட்டும் இன்னும் தினமும் இரண்டு வேளை.