இம்பீரியல் ஸ்டௌட் காய்ச்சும் நாளில் எங்கே சறுக்குகிறது?

5 சதவீத ஆல்கஹால் உள்ள பியரைத் தடுமாறாமல் காய்ச்சுபவர்களும் இம்பீரியல் ஸ்டௌட் என்கிற கடுமையான கறுப்பு பியரில் கோட்டை விடுவதுண்டு. சேர்மானத்தில் குறை இருக்காது. இரண்டு மடங்கு மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) அதே பாத்திரத்தில், அதே கணக்கில் போடுவதுதான் வினை. (வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.)

20 லிட்டர் பியர், தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1.000 என்று வைத்து அளப்பது) 1.095 என்றால் சுமார் 8.5 கிலோ மால்ட் வேண்டும். கிலோவுக்கு 2.5 லிட்டர் வெந்நீர் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து 27 லிட்டர் வரும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் 25 லிட்டர் மாஷ் பாத்திரம் வழியும். இதை முதல் நாளே கணக்குப் போட்டுவிடலாம்.

அடுத்த தலைவலி, வடிகிற சாறு நூலாக இறங்கி அப்படியே நின்றுபோவது. ஓட்ஸும் அளவுக்கு மீறிப் பொடித்த மால்ட்டும் சேர்ந்து அடிச் சல்லடையைப் பசைபோல் அடைத்துவிடும். பதற்றத்தில் குழாயை முழுதாகத் திறந்தால் மால்ட் இன்னும் இறுகும். குழாயை மூடி, 76 டிகிரி வெந்நீர் 3 லிட்டர் ஊற்றி, அடிவரை கிளறி, 10 நிமிடம் படியவிட்டு, கால்வாசி மட்டும் திறக்கவும். முதலில் வரும் கலங்கலை மேலேயே திருப்பி ஊற்றுங்கள். இந்தப் பாடெல்லாம் வேண்டாமென்றால் நெல் உமி இருக்கிறது. 300 கிராமை அலசி மால்ட்டோடு கலந்தால் போதும். நம்மூரில் அடுப்பெரிக்கும் உமியைத்தான் அங்கே பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

மென்னீரில் காய்ச்சுபவர்கள் கருக வறுத்த பார்லியை மால்ட் ஊறும் கடைசி 15 நிமிடத்தில் சேர்ப்பது நல்லது. முதலிலேயே போட்டால் அமிலம் கூடி, பிஎச் 5.2-க்குக் கீழே இறங்கிவிடலாம்.

சாறு கொதிக்கும் முன் எடுக்கும் அடர்த்தி அளவைத் தவறவே விடாதீர்கள். மால்ட் கூடக்கூட, அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம் குறையும். 75 சதவீதம் வரும் இடத்தில் 60தான் வரும். 26 லிட்டர் சாறு 1.073 காட்ட வேண்டிய இடத்தில் 1.058 காட்டினால், 20 லிட்டராக வற்றிய பிறகும் 1.076-ஐத் தாண்டாது. சுடச்சுட ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி காட்டும் மிதவை) விட்டால் அளவு குறைவாகத்தான் காட்டும். 20 டிகிரிக்கு ஆறவைத்துப் பாருங்கள். குறைவு உறுதியானால் உலர் மால்ட் பொடி 1 கிலோ சேர்த்தால் 20 லிட்டரில் சுமார் 0.018 ஏறும். அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்க வேண்டும். இல்லையென்றால் அடிபிடிக்கும், பொங்கியும் வழியும். இன்னும் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டும் அடர்த்தியை ஏற்றலாம்தான். ஆனால் பியர் குறையும். எரிவாயு அடுப்பை மூடிய அறையில் எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஈஸ்ட்டில் கஞ்சத்தனம் கூடாது. இந்த அடர்த்திக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் இரண்டாவது வேண்டும். சாறு 18 டிகிரிக்கு ஆறியபின் நன்றாகக் காற்றேற்றிப் போடுங்கள். முதல் மூன்று நாள் நொதித்தலே சூட்டைக் கிளப்பும். 24 டிகிரியைத் தாண்டினால் தொண்டையில் எரியும் சாராய நெடி வந்துவிடும், பிறகு எளிதில் போகாது. நுரை பீறிடும் என்பதால் காற்றுப்பூட்டுக்குப் (வாயுவை வெளியே மட்டும் விடும் சிறு அடைப்பான்) பதில் தடித்த குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீரில் விடுங்கள்.

நொதித்தல் 1.040-இல் நின்றுவிட்டதா? ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகுவதை வைத்து அடர்த்தி காட்டும் கருவி) பார்த்திருந்தால் நம்பாதீர்கள். ஆல்கஹால் கலந்த பிறகு அது கூடுதலாகக் காட்டும். ஹைட்ரோமீட்டரும் அதையே சொன்னால் 21 டிகிரிக்குச் சூடேற்றி, கலனை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு வாரத்தில் அசையாவிட்டால், தனியே பொங்கவைத்த புது ஈஸ்ட் ஊற்ற வேண்டும். காய்ந்த பொடியை நேரே தூவினால் அந்த ஆல்கஹாலில் பாதி செத்துவிடும்.

இந்த வகை வழக்கமாக 1.022 முதல் 1.028-க்குள் முடியும். மூன்று நாள் இடைவெளியில் இரு முறை ஒரே அளவு காட்டும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள். அடைத்தபின் 0.004 இறங்கினாலே பியரின் கொள்ளளவைப்போல் சுமார் 2 மடங்கு கார்பன் டை ஆக்சைடு கூடும். நுரைக்காகப் போட்ட சர்க்கரை தரும் வாயுவும் சேர்ந்தால் சாதாரண பாட்டில் வெடிக்கும்.